பல் மட்டும் பார்த்தால் போதாது
தருமபுரியில் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், ஃப்ளோரைடு அதிகம்; அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததோடு அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். எனாமல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், நல்ல தண்ணீர் கிடைத்தால் பல்லில் கறை விழாது. சரி, 2013இல் திட்டம் வருவதற்கு முன்பே ஆயுசில் பாதியை போர் தண்ணீரில் கழித்தவர்கள்? ஃப்ளோரைடு எலும்பில் போய்ப் படிந்துவிடும். தண்ணீரை மாற்றினாலும் சட்டென்று இறங்காது. பென்னாகரம் பக்கம் இருக்கும் என் அம்மாவுக்குக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார், மாத்திரை போட அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது. பல வருஷம் மூட்டுவாதம் என்றே மருந்து கொடுத்தார்கள். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் மாவட்டத்தில் வயதானவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அப்புறம், போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே தங்கி அடர்த்தி கூடும். குழாயில் தண்ணீர் வராத நாளில் களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீரை எடுத்தால் அதுவும் வயிற்றுக்குள்தான் போகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள்.