விருந்தினர் என்றொரு பெயர்

சென்ற வாரம் இங்கே தாய்லாந்தின் குடிவரவு அலுவலகத்தில் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த ஐரோப்பிய முதியவர் ஒருவர், "இருபது வருடம் இருந்தாலும் இந்த நாடு நம்மை அந்நியராகத்தான் வைத்திருக்கிறது" என்று மனம் நொந்து சொன்னார். அவர் கையிலிருந்த படிவத்தின் தாய்லாந்து மொழிப் பகுதியில் ஓர் எழுத்தைக்கூட அவரால் படிக்க முடியவில்லை என்பதையும் அவரே சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உள்ள தொடர்பைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து மனம் அரித்துக்கொண்டிருக்கிறது.

பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தெற்கே, தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஹுவா ஹின்னுக்கு நான் கணித ஆசிரியராக வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த முதியவரின் வருத்தத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 90 நாள்களுக்கு ஒருமுறை, இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று நாம் தெரிவித்தாக வேண்டும். கொடுத்திருக்கும் ஏழு நாள் சலுகையும் கடந்துவிட்டால் 2,000 பாட் அபராதம். ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருபவர் 50 வயது நிறைந்தவராக இருப்பதோடு, வங்கியில் 8,00,000 பாட் வைப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். நம் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்ககத்தில் வீடு வாங்கலாம் என்றாலும், அந்தக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கையில் போகக் கூடாது. நாம் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தகவல் தர வேண்டும் என்ற விதியை என் முதல் வீட்டின் உரிமையாளர் மறந்துவிட்டதால், விசாவின் ஆண்டு நீட்டிப்பு கிடைக்காமல் மூன்று நாள் நான் பள்ளிக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலின் கசப்பு எனக்கும் தெரியும்.

ஆனால் சட்டம் தரும் அந்நியத்தன்மை வேறு, நாமே வளர்த்துக்கொள்ளும் அந்நியத்தன்மை வேறு. முன்னதை நம்மால் மாற்ற முடியாது. பின்னதற்கு நாம்தான் பொறுப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'தாய்' எனப்படும் இந்நாட்டு மொழியில் வெள்ளையரை 'ஃபராங்' என்பார்கள். இந்தியர், அரபியர், மலாய்க்காரர் எல்லோருக்கும் பொதுவாக 'கேக்' என்ற சொல் உண்டு. நம் எழுத்தில் இவ்வளவு நெருக்கமாகத்தான் எழுத முடிகிறது. பாங்காக் சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு ஊரார் வைத்த பெயரே 'வாட் கேக்', அதாவது கேக்குகளின் கோயில். அந்தச் சொல்லை இழிவாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் முதல் இரண்டு ஆண்டுகள் அது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். பிறகுதான் அகராதியில் அதன் முதற்பொருளைப் பார்த்தேன்: விருந்தினர். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் அதே சொல்தான். வந்த வீட்டின் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் பத்தாண்டு உண்டு உறங்கும் விருந்தாளியை நம் ஊரில் என்னவென்று சொல்வோம் என்று அன்று யோசித்தேன்.

பேசுவதற்குக் கடினமான மொழிதான். ஐந்து தொனிகள் இருக்கின்றன. இந்த ஊரின் அரச மாளிகைக்கு 'க்லை கங்வொன்' என்று பெயர். 'கவலைக்குத் தொலைவில்' என்று பொருள். 1932 ஜூன் மாதம் முழு முடியாட்சியை முடித்துவைத்த புரட்சியின் செய்தி வந்தபோது ஏழாம் இராமா மன்னர் இங்கேதான் தங்கியிருந்தார். இதில் 'க்லை' என்பதைச் சமதொனியில் சொன்னால் தொலைவு, இறங்குதொனியில் சொன்னால் அருகில். நான் பல மாதங்கள் அந்த மாளிகையைக் 'கவலைக்கு அருகில்' என்றே சொல்லிவந்திருக்கிறேன். பலரும் சேர்ந்து ஏறிச் செல்லும் பச்சைநிறச் சோங்தேவ் வண்டியின் ஓட்டுநர் ஒருவர்தான் பொறுமையாகத் திருத்தினார்.

எழுத்து அப்படியல்ல, குறிப்பாகத் தமிழருக்கு. 44 மெய்யெழுத்து என்றதும் மலைத்துப் போகிறோம். ஆனால் தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் எழுத்தோ பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. அந்த உறவைப் பாடநூலில் படிப்பதைவிடக் கையால் எழுதிப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது பின்னால் ஒலிக்கும் உயிரின் குறியை முன்னால் போடுகிறோமே, தாய் எழுத்திலும் ஏ, ஓ, ஐ குறிகள் மெய்க்கு முன்னால்தான் நிற்கின்றன. 'கொ'வில் இருபுறமும் குறி அணைத்துக்கொள்வது போலவே, தாய் எழுத்தில் 'அவ்' என்ற ஒலியின் குறியும் எழுத்தை இருபுறமும் அணைக்கிறது. என்னுடன் பணியாற்றிய ஆங்கிலேய ஆசிரியர்கள் வாரக்கணக்கில் திணறிய இடத்தை நான் ஒரே மாலையில் கடந்தேன் என்றால், அதற்குக் காரணம் ஒன்றாம் வகுப்பில் எனக்குக் கொம்பு போடச் சொல்லித்தந்த டீச்சர்தான். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் எழுதும் வழக்கம்கூட நம் ஓலைச்சுவடிகளில் இருந்ததுதானே.

நான் முதன்முதலாகச் சொந்தமாகப் படித்த பலகை இந்த ஊரின் சட்சாய் சந்தையில் இருந்தது. வட்டமான சிறு மூங்கில் தட்டுகளில், தட்டுக்குள் அடங்குவதற்காகத் தலையை மடித்து, இரண்டு மூன்றாக அடுக்கி, அவித்து விற்கும் மீன் ஒன்று உண்டு. நம் காணாங்கெளுத்தியின் நெருங்கிய உறவு. அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டி 'பிளா தூ' என்று வாய்விட்டுப் படித்தேன். அதுவரை கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு, எந்த மீன் அன்று காலை வந்தது, எது நேற்றையது என்று தன் மொழியிலேயே சொல்லத் தொடங்கினார். அவரை நான் 'பா' என்று, பெரியம்மா முறை வைத்துத்தான் அழைக்கிறேன். முன்பின் தெரியாதவரையும் முறை சொல்லி அழைக்கும் பழக்கம் இங்கும் உண்டு. அவர் இப்போது என்னைக் 'க்ரூ' என்கிறார், நம் 'குரு'தான் அது. அடுத்த கடைக்காரரிடம் என்னைக் குறிப்பிடும்போது 'க்ரூ கேக்' என்கிறார். எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாகாணத்தில், பிரச்சுவாப் கிரி கான் நகருக்குத் தெற்கே, கடலுக்கும் மியன்மார் எல்லைக்கும் நடுவே ஏறக்குறைய 11 கிலோமீட்டர்தான் அகலம். இங்கே மீன் இறக்குவதும் கட்டடம் எழுப்புவதும் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டி வந்தவர்களே. அவர்களும் நம்மைப் போல வெளிநாட்டவர்தாம். நம்மைவிடக் கடுமையான வேலை, நம்மைவிடக் குறைந்த பாதுகாப்பு. என் தெருவில் கட்டட வேலை செய்யும் இளைஞர் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சம்பளச் சீட்டைத் தாய்லாந்து மொழியில் படித்துச் சரிபார்க்கிறார். படிக்கத் தெரியாவிட்டால் கூலியில் ஏமாற்றப்படுவார் என்பதால் கற்றுக்கொண்டார். ஓய்வும் வருமானமும் வசதியும் உள்ள நமக்கு அந்த நெருக்கடி இல்லை. நெருக்கடி இல்லை என்பதற்காகக் கற்காமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நான் எழுதிப் பழகிய 44 அட்டைகளும், தமிழ்க் குறிகளுக்கு எதிரே தாய்க் குறிகளை எழுதிவைத்த குறிப்பேடும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. வேலைக்காகவோ குடும்பத்தோடோ இந்தப் பக்கம் வரும் தமிழர்கள் உள்பெட்டியில் கேட்டால் படமெடுத்து அனுப்புகிறேன். ஹுவா ஹின்னிலேயே இருப்பவர்கள் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு வரலாம்.