உலகம் அழிந்த பிறகு கஞ்சி காய்ச்சுவது யார்?

உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிற ஆள் நான். அதிலும் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்கிற நாவல் என்றால் விடவே மாட்டேன். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு கோபம் சேர்ந்துகொண்டே வருகிறது. அரசாங்கம் விழுந்த மறுநாளே பெண்ணைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பக்கம் பக்கமாக வருகிறது. அவள் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், தண்ணீர் எங்கே எடுத்தாள், தூரமான நாட்களில் துணிக்கு என்ன செய்தாள், பிள்ளைவலி கண்டபோது பக்கத்தில் யார் இருந்தது? இதற்கெல்லாம் இரண்டு வரிகூடக் கிடையாது. வன்முறை நடக்காது என்று சொல்லவில்லை. நடக்கும். அப்புறமும் அவள் விடிந்தால் அடுப்பு மூட்ட வேண்டும். எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலை எழுதியபோது கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், மனிதர்கள் ஏற்கெனவே எங்காவது செய்திராத எதையும் அதில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அந்த விதியோடு மதுரைக்கு வந்தால் 1876-78 தாது வருசப் பஞ்சம் ஒன்றே போதும். மழை பொய்த்தது, ஜனம் சாகும்போதே தானியம் கப்பலேறியது. 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்து நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. பெண்ணுக்கு அதிலும் குறைவு. பசியை ஆண் பெண் பார்த்து அளந்திருக்கிறார்கள்!

அதே பஞ்சத்தில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றியதாக மதுரையில் இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் யாராவது ஒரு நாவலாசிரியர் போய் நிற்க வேண்டும். விறகு எங்கிருந்து வந்தது? துடுப்புப் போட்டது யார்? அவள் வாசலை மிதிக்கவே கூடாது என்றிருந்த வீட்டுப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் எப்படி நின்றார்கள்?

வைகை காய்ந்த கோடையில் ஊற்றுத் தோண்டுவதை எங்கள் அம்மாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணலை முழங்கை ஆழம் பறிக்க வேண்டும். முதலில் ஊறுவது கலங்கல், அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தெளிந்ததும் சிரட்டையால் மேலாக மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மறுபடியும் கலங்கிவிடும். தன் குடம் நிறைந்ததும் சிரட்டையை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அவளோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும். சட்டமும் போலீசும் இல்லாத ஊரில் இந்த முறை எத்தனை நாள் நிற்கும், உடைந்தால் யாரால் உடையும் என்பதை வைத்தே முந்நூறு பக்கம் எழுதலாம்.

இந்த மாதிரிக் கற்பனைக் கதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் சொல்கிறார்கள். பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்த வங்காள எழுத்தாளர் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' 1905-ல் வெளியானதே சென்னைப் பத்திரிகை ஒன்றில்தான்.

தமிழில் இப்படி ஒரு நாவல் எழுத நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எண்பதைத் தாண்டிய அப்பத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். மழையில்லாத வருசத்தில் எந்தக் கீரையை எப்படி வேகவைத்தால் வயிற்றைக் கடுக்காது, விதைத் தானியத்தைப் பசித்த பிள்ளைகள் கண்ணில் படாமல் எங்கே வைத்தார்கள் என்று உட்கார்ந்து கேட்போம். கூட வர நான் தயார்.