பழியை மாட்டின் மேல் போடும் முன் ஒட்டுண்ணியின் ஜீனோமைப் பாருங்கள்

குடிநீர் வழியாக வயிற்றுப்போக்கு பரவியது என்று செய்தி வந்தாலே, பக்கத்தில் மேயும் மாடு, பன்றி, வீட்டு நாய் என்று ஏதாவது ஒரு விலங்கின் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. குடல் ஒட்டுண்ணிகளின் ஜீனோம்களை, அதாவது அவற்றின் முழு டிஎன்ஏ தொகுப்பை, ஒப்பிட்டுப் பார்ப்பதே என் அன்றாட வேலை. அதனால் இந்த அவசரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது. ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, சோதித்தே சொல்லலாம்.

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மிச்சிகன் ஏரியிலிருந்து வந்த குடிநீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி கலந்து, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரின் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது, வடிகட்டுவது போன்ற வேறு வழிதான் வேண்டும். ஏரியில் கலக்கும் ஆறுகளின் கரையிலுள்ள மாட்டுப் பண்ணைகள் மேல் சந்தேகம் வந்தது இயல்புதான், ஏனென்றால் கன்றுக்குட்டிகளிடம் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும். ஆனால் நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்திருந்த சில மாதிரிகளைப் பிற்பாடு மரபணு முறையில் வகைப்படுத்தியபோது, அது மனிதரிடையே சுற்றும் வகை என்று தெரிந்தது. அப்படியென்றால் தேட வேண்டிய திசை மனிதக் கழிவுநீர். 2002-ல் அந்த வகைக்கு கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் என்று தனி இனப்பெயர் கிடைத்தது. கன்றுகளையும் மனிதரையும் தொற்றுவது கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்ற இன்னோர் இனம்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. சாயமேற்றிய ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவந்த சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மைக்ரான், நம் ரத்தச் சிவப்பணுவை விடச் சிறியது. கன்றின் சாணத்திலிருந்து எடுத்தாலும் குழந்தையின் மலத்திலிருந்து எடுத்தாலும் அதே உருண்டை, அதே நிறம்.

சரி, ஜீனோமில் எவ்வளவு வித்தியாசம்? இரண்டின் ஜீனோமும் 2004-லேயே வெளியாகிவிட்டன. தலா 8 குரோமோசோம்கள், ஏறத்தாழ 90 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 4000-க்குச் சற்றுக் குறைவான மரபணுக்கள். எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் 95 முதல் 97 சதவீதம் ஒன்றே. ஒன்றில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாத மரபணு கிட்டத்தட்ட எதுவுமே அன்று அகப்படவில்லை. இப்படி ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்று கன்றிடம் செழிக்கிறது, மற்றதற்குக் கன்று பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. எனக்கு இந்தத் துறையில் இதைவிட ருசிகரமான கேள்வி வேறு இல்லை.

விடையின் ஒரு பகுதி குரோமோசோம்களின் முனைகளில் இருக்கிறது போலத் தெரிகிறது. நடுப்பகுதியில் எழுத்து வரிசை அமைதியாக ஒன்றுபோலவே ஓடும். முனைக்கு வந்தால்தான் சில மரபணுக் குடும்பங்களில் பார்வத்திடம் கூடுதல் பிரதிகள் இருப்பதும், ஹோமினிஸிடம் அவை குறைந்திருப்பதும் கண்ணில் படும். 'மெடில்' என்ற குடும்பம் அப்படி ஒன்று. அதைச் சேர்ந்த ஒரு புரதம் ஒட்டுண்ணியை விட்டு வெளியேறி, அது தொற்றியிருக்கும் குடல் செல்லுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. ஓம்புயிரோடு, அதாவது ஒட்டுண்ணி தங்கி வாழும் மனிதரோடோ விலங்கோடோ, நேருக்கு நேர் மோதும் இடத்தில்தான் மாற்றம் குவிந்திருக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் பிரதி எண்ணிக்கையில் வித்தியாசம் கண்டதுமே 'ஓம்புயிரைத் தீர்மானிக்கும் மரபணு கிடைத்துவிட்டது' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. இரண்டு ஜீனோம்களை அருகருகே வைத்தால் ஆயிரம் வித்தியாசம் வரும். பெரும்பாலானவற்றுக்கும் ஓம்புயிருக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரே வகைக்குள் பல மாதிரிகள் வேண்டும், அப்புறம் அந்த மரபணுவை நீக்கிப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையில் கிரிப்டோஸ்போரிடியத்தின் மரபணுவைத் திருத்த முடியும் என்று 2015-லேயே காட்டியாகிவிட்டது. இன்னொன்று, பார்வம் என்ற பெயரும் முழு விவரம் சொல்லாது. அதற்குள்ளேயே பெரும்பாலும் மனிதரிடமே ஒதுங்கிவிட்ட ஒரு கிளை இருக்கிறது. அந்தக் கிளைக்கும் ஹோமினிஸுக்கும் நடுவே மரபணுப் பரிமாற்றம் நடந்த தடயங்களை 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது.

வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவின் கதை இதற்கு நேர்மாறு. லேப் ரிப்போர்ட்டில் ஒரே பெயர்தான் வரும், உள்ளே ஏ முதல் எச் வரை எட்டு வகைகள். மனிதரிடம் வருபவை பெரும்பாலும் ஏ, பி. நாய்களிடம் அதிகம் சி, டி. ஆடு மாடு பன்றி போன்ற குளம்புள்ள கால்நடைகளிடம் ஈ. ஏ-யும் பி-யும் நெருங்கிய உறவு என்று தோன்றும் அல்லவா? இல்லை. புரதம் எழுதும் பகுதிகளில் அவை இரண்டுக்கும் ஒற்றுமை 78 சதவீதத்தை ஒட்டித்தான். கால்நடைகளின் ஈ வகையோ ஏ-க்கு 90 சதவீத அளவு நெருக்கம். ஒரே வீட்டில் குடியிருப்பதால் இருவர் அண்ணன் தம்பி ஆகிவிடுவதில்லை. 'நாயிடமிருந்துதான் ஜியார்டியா வந்திருக்கும்' என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள். சி, டி வகைகள் மனிதரிடம் அரிது.

அஸ்காரிஸ் உருண்டைப்புழுவில் பெயர் இரண்டு: மனிதருக்கு லும்ப்ரிகாய்டிஸ், பன்றிக்கு சுவம். இவை இரண்டு இனமா, ஒன்றா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கென்யாவில் மனிதரிடமிருந்து எடுத்த புழுக்களின் ஜீனோமை 2020-ல் படித்தபோது பன்றிப் புழுவின் சாயலும் கலப்பின் தடயமும் தெரிந்தன. டென்மார்க்கில் மனிதருக்கு வந்த தொற்றின் மூலம் பன்றி என்று தெரியவந்தது. குவாத்தமாலாவில் பன்றிகளும் மனிதரும் அருகருகே வாழ்ந்தும் இரண்டு தொற்றுச் சுழற்சிகளும் தனித்தனியாகவே ஓடின. இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. அதனால் பூச்சி மாத்திரையைக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, பன்றிகளையும் கவனிக்க வேண்டுமா என்பதை ஓர் ஊரில் பார்த்ததை வைத்து இன்னோர் ஊருக்குச் சொல்ல முடியாது.

களத்தில் மாதிரி எடுப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு விஷயம்தான். ஒன்று, முழு மாதிரியையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. ஒரு பங்கை எத்தனாலிலோ உறைநிலையிலோ தனியாக வையுங்கள். இரண்டாவது, படித்த டிஎன்ஏ வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது எந்த விலங்கு, எந்த இடம், எந்த ஆண்டு, நோய் அறிகுறி இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓம்புயிரின் பெயர் இல்லாத ஜீனோமை வைத்துக்கொண்டு ஓம்புயிரைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.