ட்ரெய்னரிலும் லூப் அடிக்கலாம்

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் பற்றிய கட்டுரையில், ட்ரெய்னர் விமானத்தில், அதாவது புதிதாகப் பழகுகிறவர்களுக்கான விமானத்தில், சாகசம் வேண்டாம், அதற்குத் தனி விமானம் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பது பாதிதான் சரி. லூப், அதாவது மேலே ஏறித் தலைகீழாகி முழு வட்டம் அடிப்பது, தாராளமாக வரும். நல்ல உயரத்தில் முழு த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, மூக்கை லேசாகத் தாழ்த்தி வேகம் பிடித்து, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை மெதுவாக இழுத்து, உச்சியைத் தாண்டியதும் த்ராட்டிலைக் குறைத்தால் போதும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் பேண்டில் நிற்கிற இறக்கை என்ன பாடுபடும்? எஞ்சின் எண்ணெய் ஊறிப்போன பழைய பேண்டையெல்லாம் முதலில் தூக்கிப் போடுங்கள்.

ரோல்தான், அதாவது நேராகப் போய்க்கொண்டே பக்கவாட்டில் ஒரு சுற்று உருள்வதுதான், தகராறு. இறக்கையில் அய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) இருந்தால் உருளும், ஆனால் தலைகீழானதும் மூக்கு தொங்கும், அந்த நொடியில் எலிவேட்டர் குச்சியை முன்னே தள்ளணும். பழக்கத்தில் கை பின்னால்தான் இழுக்கும், விமானம் நேரே தரைக்கு. அய்லரான் இல்லாத மூன்று சேனல் (மூன்று கட்டுப்பாடு மட்டும் உள்ள) விமானத்தில் நேரான ரோலை மறந்துவிடுங்கள்.

அப்புறம் எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று: மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும், காலையிலேயே பறக்கவிடுங்கள். உயர் அழுத்தக் கம்பி போகிற இடம் பக்கமே வேண்டாம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.