மழை பார்க்கவா கப்பலேறினேன்?

மழையும் காற்றும் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை மாதத்தில் மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் போய் நின்றால் போதும்; செலவு ஒரு குடை. நானோ தம்பி காசு கட்டினான் என்று உல்லாசக் கப்பலேறி, அதே மழையை நடுக்கடலில் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மேல்தளக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீர் ஆட்டத்தில் கரை தாண்டித் துள்ளியது. அதற்கும் வலை போட்டார்கள். வெளியே இருக்க வேண்டிய அத்தனை பேரும் உள்ளே வந்தால் கதிரை எங்கே கிடைக்கும்? காலையிலேயே துவாயை விரித்து இடம் பிடித்த மகராசர்கள் மத்தியானம் வரை திரும்பவேயில்லை. மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். பார்த்ததுமே குமட்டியது. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில்தான் ஆட்டம் குறைவாம். எங்கள் அறையோ உச்சியில், முன்பக்கம்! குமட்டலுக்கென்று பச்சை அப்பிள் தந்தார்கள். இஞ்சிப் பிளேன்ரீ கேட்டேன், கிடைக்கவில்லை. 1978இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைக் கண்ட அம்மா மட்டும் நிம்மதியாகக் குறட்டை விட்டார். எழுப்பினால், "கூரை பறக்கவில்லைதானே மகள், படு" என்கிறார். மறுநாள் இறங்க வேண்டிய துறைமுகத்தையும் அலை அதிகமென்று தாண்டிப் போய்விட்டார்கள்.