300 வாட் கணக்கு எங்கே இடிக்கிறது

“டிபிஏ3255 சிப் போட்ட குட்டி ஆம்ப், சேனலுக்கு 300 வாட், எந்த ஸ்பீக்கரையும் ஓட்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபயர், ஒலி சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் கருவி; டிபிஏ3255 அந்த வேலையைச் செய்யும் சிப்). பாதிதான் சரி. அந்த 300 வாட், 4 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் 10 சதவீத ஒலிச் சிதைவோடு வரும் கணக்கு. அந்த அளவில் பாட்டு கேட்கச் சகிக்காது. அப்புறம், கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 48 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் இரண்டு சேனலுக்கும் சேர்த்தே 240 வாட்; அதே 5 ஆம்பியரில் 32 வோல்ட் என்றால் வெறும் 160. கண நேர உச்சங்களை, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் சமாளிக்கும், ஆனால் தொடர்ந்து வேண்டுமென்றால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

“ஓட்டக் கடினமான ஸ்பீக்கர்” என்பதும் ஒரே வகை இல்லை. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் பழைய வடிவம் 15 ஓம், உணர்திறன் (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) சுமார் 83 டெசிபெல், குறைவுதான். அது கேட்பது வோல்ட்டை. ஓம் அதிகம் என்பதால் கரண்ட் அதிகம் இழுக்காது. பாஸ் பகுதியில் 3 ஓமுக்கு இறங்கும் டவர் ஸ்பீக்கர் நேர்மாறு. கரண்டை உறிஞ்சும், சின்ன அடாப்டர் அங்கேதான் திணறும். சின்ன அறை, மிதமான சத்தம் என்றால் இந்த ஆம்ப் தாராளம் (நானும் அப்படித்தான் கேட்கிறேன்). பெரிய ஹாலுக்கு வாங்குபவர் முதலில் தன் ஸ்பீக்கரின் குறைந்தபட்ச ஓமைப் பார்க்கட்டும்.