கேட்டது கிடைக்காதவர்களையும் நினைத்துப் பாருங்கள்

முழு நம்பிக்கையோடு வேண்டினால் கேட்டது கிடைத்தே தீரும் என்கிறது பிரார்த்தனை பற்றிய உங்கள் கட்டுரை. நானும் தினமும் பிரார்த்தனை செய்கிறவள்தான், ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2006-ல் முடிவு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் ஒரு பகுதியினருக்காக வேண்டினார்கள். ஆனாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்கள் குறையவில்லை. தமக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. அது தெரியாமலே வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம்.

சரி, கடவுளை ஆய்வில் அளக்க முடியாது என்பீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அக்காவுக்காக நாங்கள் வேண்டாத நாளில்லை. அக்கா பிழைக்கவில்லை. அப்புறம் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "உங்கள் நம்பிக்கை போதவில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தை அம்மாவை வருடக்கணக்கில் அறுத்தது. தன் மனதில்தான் குறை என்று நினைத்து நினைத்து அழுதார்.

பிரார்த்தனையால் எனக்கு ஒன்று கிடைத்தது. அந்த இரவுகளில் கை நடுங்காமல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது. நான் அதைக் கேட்டு வேண்டவே இல்லை. இழந்தவர்களும் உங்கள் கட்டுரையைப் படிப்பார்கள். தயவுசெய்து "கிடைத்தே தீரும்" என்ற வரியை மாற்றுங்கள்.